வாசம் தெரியாத ஒரு மத்தியானம்

கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் முடிந்து, மலேசியாவில் எங்கள் கேமரன் மலைக்குச் சுற்றுலா பஸ்கள் மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்த சமயம் அது. நாங்கள் குடியிருப்பது ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். என் மனைவிக்கு அந்தத் தோட்டத்தின் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அதனால் கிடைத்த வீடு. நான் தோட்டத்து ஆள் இல்லை. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ் முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

பூச்சிக்கொல்லி என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். எங்கள் வாயில் அந்த வார்த்தை வராது. பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், பூஞ்சைக்கு அடிப்பதும் மருந்துதான், புல்லைக் கொல்வதும் மருந்துதான். தக்காளி, குடைமிளகாய் எல்லாம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே. முட்டைக்கோஸ் மட்டும் வெளியே. நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஊற்றி, கட்டையால் கலக்கி, மோட்டார் பம்ப்பில் நீளமான குழாயை மாட்டி அடிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலே அதுதான் என் பிழைப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்து அடித்த நாளில் தலை பிளக்கும். சோறு இறங்காது. சில நாள் பாதையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் அதெல்லாம் நின்றுவிட்டது. உடம்பு பழகிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். கூட இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது நான் டிரம்முக்கு மேலே குனிந்து நிதானமாகக் கலக்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்றைக்கு முட்டைக்கோஸுக்கு அடிக்க வேண்டிய நாள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மழையில் அடித்தால் மருந்து ஓடிவிடும் என்று முதலாளி மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே மேலே வந்தேன். மனைவி ஃபேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை. குளிருக்காகக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். கேத்தலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் வாசலில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் தலையில் ஹெல்மெட் போட்ட ஒருவன், ஈரமான மழைக்கோட்டோடு வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டான். "பாங்! ஜாங்கான்! கேஸ்! கேஸ்!" என்று அலறினான். வேண்டாம் அண்ணே, கேஸ் என்று மலாயில் சொல்கிறான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஏறவில்லை. திருடன் என்று நினைத்தேன். நான் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, அவன் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தான். லைட்டர் தெறித்து பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்தது. முகத்தைப் பார்க்கலாம் என்று லைட் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். அதற்கும் கத்தினான். கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து மழையில் விட்டான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்தான். பின்கதவைத் திறந்தான். கேஸ் தோங் என்கிற சிலிண்டரை மூடி, அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் மழையில் வைத்தான். அதன் ரப்பர் குழாயை எலி கடித்து வைத்திருந்தது. இவ்வளவு பெரிய பல் அடையாளம்.

அவன் பார்சல் கொண்டுவருகிற மலாய்க்காரத் தம்பி. பக்கத்து வீட்டுக்கு ஏதோ பொட்டலம் கொண்டுவந்திருக்கிறான். அவர்கள் இல்லை என்று திரும்பும்போது எங்கள் கதவிடுக்கு வழியாகக் கேஸ் நாற்றம் அவனுக்கு மூஞ்சியில் அடித்திருக்கிறது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டதும் யாரோ அடுப்பு மூட்டப் போகிறார்கள் என்று பயந்து ஓடி வந்திருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான். தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, ரோட்டுக்கே நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று மலாயில் கேட்டான்.

தெரியவில்லை என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோவிட் வந்தபோது அவனுக்கும் வாசனை போயிருந்ததாம். கொஞ்ச நாளில் திரும்பிவிட்டதாம். "ஆஸ்பத்திரியில காட்டுங்க அண்ணே" என்று இரண்டு தடவை சொன்னான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். பக்கத்து வீட்டுப் பொட்டலத்தை நனையாமல் படியோரம் தள்ளி வைத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். பேரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு எங்கள் லைனுக்குப் பார்சல் கொண்டுவந்தது வேறு ஆள். அவனை நான் மறுபடியும் பார்க்கவே இல்லை.

மனைவி வேலை முடிந்து வந்தபோது கேஸ் தோங் முற்றத்தில் நனைந்துகொண்டிருந்தது. என்ன என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்களுக்குச் சாப்பாடு சப்புன்னு இருக்குன்னு சொல்லுவீங்களே, அது எத்தன வருஷமா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அது பெரிய சண்டை. குழம்பில் ஒன்றும் இல்லை, சம்பால் காரமாக இருக்கிறதே தவிர ருசி இல்லை என்று நான் தட்டைத் தள்ளுவேன். அவள் உப்பைக் கூட்டிப் பார்த்தாள், மிளகைக் கூட்டிப் பார்த்தாள், மசாலா கடையையே மாற்றிப் பார்த்தாள். "எனக்குத்தான் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். ஒரு தடவை கெட்டுப்போன மீன் குழம்பை நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேனாம். என் வேலைச் சட்டையின் நாற்றம் தாங்காமல்தான் அவள் அதை வீட்டுக்குள் விடாமல் வெளியே தனி வாளியில் ஊறப்போடுவாளாம். சட்டையில் ஒரு நாற்றமும் இல்லை என்று நான் அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன்.

மறுநாளே என்னைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், மலைக்குக் கீழே இருந்து வந்த தமிழ்ப் பெண். என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டார். "மருந்து சாப்பிடலீங்க டாக்டர், அடிக்கிறேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. என் மனைவி விளக்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எவ்வளவு நாளாக வாசனை தெரியவில்லை என்று கேட்டார். கோவிட் வந்தபோது போனதா, அதற்கு முன்பே போனதா? நான் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னிக்குக் காலையில ஃபேக்டரி வாசம் வீட்டுக்குள்ள வந்துச்சே, அதுவுமா தெரியல?" என்றாள் அவள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும்போது அந்த வாசம் மூடுபனியோடு சேர்ந்து லைன் முழுக்கப் படரும். கல்யாணமான புதிதில் அந்த வாசத்துக்குத்தான் நான் கண் விழிப்பேன். கடைசியாக அதை எப்போது முகர்ந்தேன்? பத்து வருஷமா, அதற்கும் மேலா? என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கை போயிருந்தால் நாள் நட்சத்திரத்தோடு சொல்லியிருப்பேன். இது போனதே எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கேஸ் விஷயத்தில்கூட அப்படி வரவில்லை.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். வலது கட்டைவிரல் தானாக ஆடுவதைக் காட்டினார். குளிர் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது என்று மனைவி சொன்னாள். அதையும் அவள் கவனித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஈப்போ நகரத்து நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முடிவுகள் வந்தபோது தானா ராத்தா டாக்டர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. ரத்தத்தில் பூச்சி மருந்தின் வேலை நன்றாகத் தெரிகிறது என்றார். வாசனை போனதற்குக் கோவிட்டும் காரணமாக இருக்கலாம், மருந்தும் காரணமாக இருக்கலாம், விரல் ஆடுவதோடு அதற்குச் சம்பந்தமும் இருக்கலாம். பார்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கக்கூடும், கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வருஷக்கணக்காக மருந்து அடித்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது என்றார்.

"மொதல்ல தலைவலி, வாந்தி எல்லாம் இருந்துச்சு டாக்டர், அப்புறம் பழகிடுச்சு" என்றேன்.

"பழகல அண்ணே. வாசனைதான் ஒங்கள எச்சரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது போனதும் நீங்க இன்னும் கிட்டப் போயிட்டீங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

வேலைக்குப் போகக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். ஆனால் மனசு தோட்டத்தில் இருந்தது. அங்கே என்னோடு மருந்து அடித்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் நேப்பாளத்திலிருந்து அண்மையில் வந்த வாலிபர்கள். இன்னொருவர் வங்காளதேசத்துக்காரர், என் வயசு இருக்கும், எனக்கு அடுத்தபடி அதிக வருஷம் அங்கே மருந்து அடித்தவர். என்னைப் போலவே அவரும் டிரம்முக்கு மேலே குனிந்துதான் கலக்குவார்.

அவர்களுக்காவது வாசனை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு சின்ன டப்பாவை எடுத்து, ஒன்றில் காப்பித்தூள் போட்டாள், இன்னொன்றில் கருவாடு. "இது தெரியலன்னா வேற எதுவுமே தெரியாதுலா" என்றாள். மூடிவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாதே, அதனால் கருவாட்டு டப்பாவைச் சுற்றி ஒரு சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு மாதிரி ஒவ்வொருவராகக் கண்ணை மூடச் சொல்லி, காப்பியா கருவாடா என்று கேட்டு, நூல் கட்டிய டப்பாவை மூக்குக்குக் கீழே நீட்டினேன். நேப்பாளிப் பையன்கள் இருவரும் ஐயோ என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. பிறகு வங்காளதேசத்துக்காரர். அவர் முகர்ந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முகர்ந்தார். கண்ணைத் திறக்காமலேயே சிரித்துக்கொண்டு, "கோப்பி" என்றார்.

அவர் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து மற்றவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது. டப்பாவை என் கையிலிருந்து வாங்கி உள்ளே பார்த்தார். கருவாட்டுத் துண்டு. அதை மூக்கில் வைத்து அழுத்தினார். மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, பாதி தின்ற சோற்றைக் கட்டி வைத்தார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு என் கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. அவருடைய வேலை பெர்மிட் இந்தத் தோட்டத்தின் பேரில் இருக்கிறது. ரத்தத்தில் ஏதாவது வந்து, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் மாலையில் அவர்களோடுதான் போனில் பேசுவார். முதலாளியிடம் மட்டும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னைப் பற்றியாவது சொல்லுவோம் என்று முதலாளியைப் பார்க்கப் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. அவர் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இவர்தான் பள்ளத்தில் நிலம் எடுத்துத் திருத்தி இந்த அளவுக்குக் கொண்டுவந்தார். ஆள் வைக்க வசதி வருகிறவரை அவரேதான் முதுகில் பம்ப்பைச் சுமந்து மருந்து அடித்தார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் சேற்று வெள்ளம் வந்து பெர்த்தாமை மூடியபோது எல்லாம் போய், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நல்ல வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், மூடின கூரைக்குள் அடித்தால் உடனே ஆள் உள்ளே போகக்கூடாது, கலக்குகிறவர்கள் குனியக்கூடாது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"யோவ், நானும் அடிச்சவன்தானே? எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்?"

பையிலிருந்து டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். "இதுல என்ன இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க மொதலாளி" என்றேன்.

வாங்கினார். மூடியின்மேல் விரலை வைத்தார். அவர் திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திறக்கவில்லை. கையில் வைத்து ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"எனக்கு வேலை கெடக்குது. நீ வீட்டுக்குப் போய் ஒடம்பப் பாரு."

திரும்பி நடந்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மூடியைத் திறக்க அவருக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்த வாரமே ஒரு காலையில் முதலாளியின் வேன் எங்கள் லைன் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் வங்காளதேசத்துக்காரர், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நேப்பாளிப் பையன்கள் டப்பா விளையாட்டை முதலாளியிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். "நீயும் வா. டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு ஒனக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி. போகிற வழியில், ரத்தத்தில் என்ன வந்தாலும் பெர்மிட்டில் கை வைக்க மாட்டேன், கூடை கட்டுகிற வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று மலாயில் வங்காளதேசத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் நம்பினாரா இல்லையா தெரியாது. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் சொன்னபடியே செய்தார் முதலாளி. நல்ல முகமூடிகளும் வந்தன. மூடின கூரைக்குள் அடித்த பிறகு வாசலில் கயிறு கட்டி யாரையும் விடாமல் வைக்கிற பழக்கமும் வந்தது. கயிற்றைத் தாண்டிப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாளி தனக்கென்று பரிசோதனை செய்துகொண்டாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. வங்காளதேசத்துக்காரர் கொஞ்ச காலம் கூடை கட்டினார். பிறகு அவராகவே ஊருக்குப் போய்விட்டார். போன புதிதில் போன் பண்ணுவார். தன் வீட்டுக்காரி சமைக்கிற மீனில் மட்டும் ஏதோ லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். உண்மையாகத் தெரிந்ததா, ஆசையில் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வாசனை திரும்பவில்லை. மருந்து அடிப்பதை நிறுத்திய பிறகு ரத்தம் சரியாகிக்கொண்டு வந்தது. விரல் ஆடுவது நிற்கவில்லை. ஈப்போ டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. இப்போது தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் காட்டுகிற வேலை செய்கிறேன். மிளகாய் வறுத்தால் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் அது வாசம் இல்லை, வெறும் எரிச்சல். வீட்டில் கேஸ் கசிந்தால் சத்தம் போடுகிற ஒரு சின்னக் கருவியை மனைவி வாங்கி, அடுப்படிச் சுவரில் கீழே பொருத்தச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. அவளே தட்டைப் பார்த்து, இன்றைக்குக் கொத்தமல்லி தூக்கலாக இருக்கிறது, ரசத்தில் தாளிப்பு கொஞ்சம் கருகிவிட்டது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பரிமாறுகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு ஓங்கி ஒரு அடி கொடுத்து என் உயிரைக் காப்பாற்றிய அந்த மலாய்க்காரத் தம்பிக்கு நன்றிகூட நான் சரியாகச் சொல்லவில்லை. நமக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று என் மனசு சொன்னால் அதை இப்போதெல்லாம் நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. கூட இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் என்னிடமிருந்து போனது அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.